சாம்பலும் கசடும் சுலபம், காரம்தான் வேலை வாங்குகிறது

சிமெண்டே இல்லாமல், நிலக்கரிச் சாம்பலும் இரும்பு உலைக்கசடும் வைத்து நான் வார்த்த கட்டி ஒன்றின் உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். வெளியே சாம்பல் நிறம். உள்ளே கரும்பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். மூக்கருகே கொண்டுபோனால் லேசாக அழுகிய முட்டை வாடை. முதலில் ஏதோ பூஞ்சை பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. இரும்பு உலைக்கசட்டில் கொஞ்சம் கந்தகம் சல்ஃபைடாக உட்கார்ந்திருக்கும். காற்றுப் படாத உட்பகுதியில் அது இந்த நிறத்தைக் கொடுக்கிறது. துண்டை மேசையில் வைத்துவிட்டு நான்கு நாள் கழித்துப் பார்த்தால் நிறம் போய், சாதாரண சிமெண்ட் கட்டி மாதிரியே வெளுத்துக் கிடந்தது. கசடு சேர்த்த கலவையை உடைத்து முதன்முதலில் பார்ப்பவர்கள் பயந்துபோக வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலையில் இறங்கக் காரணம் ஒரு எளிய கணக்கு. சிமெண்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரி வரை சுட்டு எடுப்பது. சுண்ணாம்புக்கல் 100 கிராம் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். கிளிங்கரில் ஏறத்தாழ 65 சதவீதம் சுண்ணாம்பு என்று வைத்தால், ஒரு கிலோ கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டுமே 510 கிராம் வாயு. உலையில் எரிக்கும் எரிபொருளின் புகை இதற்கு மேல். சூரிய மின்சாரத்தில் உலையை ஓட்டினாலும் அந்த 510 கிராம் குறையாது, அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே கல்லைச் சுடாமல் கலவையை இறுக வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்பது பழைய செய்தி. பெல்ஜியத்தில் பர்டன் என்பவர் 1940-லேயே உலைக்கசட்டைக் காரம் (அமிலத்துக்கு எதிரான, காஸ்டிக் சோடா மாதிரிப் பொருள்) சேர்த்து இறுக வைப்பதைப் பற்றி எழுதினார். 1950-களில் கீவ் நகரத்தில் குளுகோவ்ஸ்கி அதைக் கட்டுமானம் வரைக்கும் கொண்டுபோனார். 1970-களில் பிரான்சின் டேவிடோவிட்ஸ் 'ஜியோபாலிமர்' என்று பெயர் வைத்தார். ஆஸ்திரேலியாவில் 2014-இல் திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்தில் இந்த வகைக் கான்கிரீட்டையே பெரிய அளவில் போட்டிருக்கிறார்கள். அதனால் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வாளி, ஒரு தராசு, ஒரு கரணை வைத்துக்கொண்டு ஒரு ஆள் எதுவரை போக முடியும் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

பொருள் இரண்டு. ஒன்று ஃபிளை ஆஷ், அனல்மின் நிலையப் புகைபோக்கியில் பிடிக்கும் நிலக்கரிச் சாம்பல். உருப்பெருக்கியில் பார்த்தால் பொடிப்பொடிக் கண்ணாடி உருண்டைகள். இன்னொன்று உலைக்கசடு. இரும்பு உருக்கும்போது மேலே மிதக்கும் கசட்டைத் தண்ணீரில் சட்டென்று குளிர வைத்து, மாவாக அரைத்தது. மெதுவாக ஆற விட்டால் படிகமாகிச் செத்த கல்லாகிவிடும். சட்டென்று குளிர்ந்தால்தான் கண்ணாடியாக நிற்கும், கண்ணாடியாக இருந்தால்தான் வினைபுரியும். அதனால் கசடு வாங்கும்போது 'துகளாக்கிய, அரைத்த கசடு' என்று கேட்டு வாங்க வேண்டும். சாலை போடுவதற்கு உடைத்த கசடு நமக்கு ஆகாது.

சாம்பலுக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிவிட்டுப் பார்த்தேன். கறுப்பாக ஒரு ஏடு மிதந்தது. அது எரியாமல் தங்கிய கரி. கரி அதிகமென்றால் நாம் ஊற்றும் திரவத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். முதல் மூட்டையில் ஏடு தடிமனாக இருந்ததால் தள்ளி வைத்துவிட்டு வேறு மூட்டை எடுத்தேன்.

நசுக்கிப் பார்க்கும் எந்திரம் வீட்டில் இல்லை. அதனால் வளைத்து உடைக்கும் சோதனை. 20 மில்லிமீட்டர் சதுரம், 160 நீளம் உள்ள குச்சிகளாக வார்த்தேன். 120 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகள், அவற்றின் மேல் குச்சி, நடுவில் ஒரு கொக்கி, கொக்கியில் வாளி. வாளி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்கும். அதில் காய்ந்த மணலைப் புனல் வழியாக மெல்லக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'டக்' என்று விழுந்ததும் வாளியைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். கிலோவை 0.22-ஆல் பெருக்கினால் வளைவு வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு என்று கலந்து வார்த்த குச்சி 7 நாளில் 26 கிலோ தாங்கியது. இதுதான் என் அளவுகோல். இனி எல்லா அளவும் 1 கிலோ தூளுக்கு, 2 கிலோ மணலோடு. உண்மையில் நான் கலக்கியது இதில் பாதிதான்.

முதல் கலவை, சாம்பல் மட்டும். திரவத்துக்குக் காஸ்டிக் சோடாக் கரைசலும் பசை மாதிரியான சோடியம் சிலிகேட்டும். காஸ்டிக்கை 8 மோலார் அளவுக்குக் கரைத்தேன். அதாவது ஒரு லிட்டர் கரைசலில் 320 கிராம். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் எடுத்து, அதில் காஸ்டிக் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். செதில் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கரையக் கரையக் கொதிநீர்ச் சூடு வரும். பிளாஸ்டிக் ஜாடியை ஒரு தொட்டித் தண்ணீரில் இறக்கி வைத்துக்கொண்டேன். ஆறியபின் ஒரு லிட்டராக நிரப்பி, ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் பயன்படுத்தினேன். இவ்வளவு கவனமாக இருந்தவன், செதிலை அள்ள எடுத்தது ஒரு அலுமினியக் கரண்டி. முனை கரைசலில் பட்டதுமே நுரைத்துச் சீறியது. வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் ஒரு தீப்பொறி இருந்தால் போதும். அன்றிலிருந்து அந்த அறையில் அலுமினியம் என்று எதுவுமே கிடையாது.

சிலிகேட் 270 கிராம், காஸ்டிக் கரைசல் 180 கிராம். கலவை அருமையாக வழிந்தது. சாம்பல் உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உருளுவதால் தண்ணீர் அதிகம் கேட்காது. ஆனால் மூன்றாம் நாளும் ஆணி நேராக இறங்கியது. தெரிந்த கொத்தனார் அண்ணன் ஒருவர் வந்து விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது கலவையா, சேறா தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே கலவையில் வார்த்த வேறு நான்கு குச்சிகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி 70 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைத்திருந்தேன். அவை தட்டினால் கல் மாதிரி கணீரென்றன. சுண்ணாம்பு குறைந்த சாம்பலின் கண்ணாடியைக் கரைத்து மறுபடி வலையாகக் கட்ட வெப்பம் வேண்டும். தொழிற்சாலையில் வார்த்துச் சூடேற்றும் பாளங்களுக்கு இது சரி. முற்றத்தில் வேலை செய்பவனுக்குச் சரிவராது.

இரண்டாவது, கசடு மட்டும், அதே திரவம். இது எதிர்த்திசையில் கெட்டது. கால் மணி நேரத்துக்குள் கிண்ணத்தோடும் கரணையோடும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு குச்சிதான் வார்க்க முடிந்தது. கிண்ணத்தைச் சுத்தியலால் உடைத்துத்தான் கரணையை மீட்டேன். கசட்டில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிலிகேட்டைக் கண்டதும் பாய்ந்து பிடித்துவிடுகிறது. அந்த இரண்டு குச்சியிலும் தலைமுடிபோல விரிசல்கள். வேகமாக இறுகும் கலவை வேகமாகச் சுருங்கவும் செய்கிறது. இரும்பு அச்சில் வார்த்திருந்ததால் அச்சிலும் ஒட்டிக்கொண்டது. சிலிகேட் என்பதே ஒரு பசைதானே. அதன் பிறகு மரச்சட்டத்துக்குள் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வார்க்கிறேன்.

இரண்டையும் சேர்த்தால்? சாம்பல் 700, கசடு 300. இது நன்றாகவே வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வேலை வாங்கியது, மறுநாள் அச்சைக் கழற்ற முடிந்தது, 7 நாளில் 23 கிலோ தாங்கியது. சந்தோஷத்தில் ஒரு குச்சியை ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்தேன். ஒரு வாரத்தில் அதன் தலையில் வெள்ளை மயிர் முளைத்துவிட்டது. உப்புப் பூத்தல்தான். வினைபுரியாமல் மிஞ்சிய சோடியம் தண்ணீரோடு மேலே ஏறி, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக நிற்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் போட்ட திரவத்தில் சோடியம் ஆக்சைடு, தூளின் எடையில் 7.6 சதவீதம். அடுத்த தடவை அதே விகிதத்தில் திரவத்தை மூன்றில் இரண்டு பங்காக்கி, குறைந்த ஈரத்துக்கு 100 மில்லி தண்ணீர் சேர்த்தேன். 5 சதவீதத்துக்கு வந்தது. பூப்பது வெகுவாகக் குறைந்தது, வலிமை 19 கிலோவுக்கு இறங்கியது. நியாயமான வியாபாரம்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாததற்குக் காரணம் என் இடது கை. கையுறையில் ஒரு சின்ன ஓட்டை. காஸ்டிக் ஒரு துளி உள்ளே போயிருக்கிறது. வலிக்கவே இல்லை, விரல் வழுவழுவென்று மட்டும் இருந்தது. அந்த வழுவழுப்பு சோப்பு. தோலின் கொழுப்பையே அது சோப்பாக்கிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே நின்றேன். தோல் வெளுத்து உரிந்ததோடு போயிற்று. கண்ணில் பட்டிருந்தால் கதை வேறு. கண்ணாடி போட்டிருந்தேன், அது ஒன்றுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது யோசிக்க நேரம் கிடைத்தது. சாம்பலும் கசடும் கழிவு, சரி. ஆனால் புட்டியில் இருப்பது கழிவா? சோடியம் சிலிகேட் என்பது மணலையும் சோடாவையும் (சோடியம் கார்பனேட்) 1,000 டிகிரிக்கு மேல் உருக்கி எடுப்பது, உருகும்போது சோடாவிலிருந்தும் கரியமில வாயு போகிறது. காஸ்டிக் என்பது உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பது. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த வாயுவில் ஒரு பங்கு அந்த இரண்டு புட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆபத்தும் அங்கேதான், உப்புப் பூப்பதும் அதனால்தான். கழிவைத் தேடுவதில் நான் செலவழித்த கவனத்தைக் காரத்தின் மேல் செலவழித்திருக்க வேண்டும்.

ஆகவே சோடியம் கார்பனேட்டுக்கு மாறினேன். கையில் பட்டால் கழுவிக்கொள்ளலாம், மூட்டையில் தூளாக வைத்துக்கொள்ளலாம். காரம் குறைவு என்பதால் சாம்பலை அது அசைக்காது, கசடுதான் பெரும்பங்கு இருக்க வேண்டும். கசடு 700, சாம்பல் 300, சோடா 80 கிராம். ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள் ஆகியும் ஈர மண்ணாகவே கிடந்தது. சூத்திரமே தப்பு என்று முடிவுகட்டப் போனேன். தற்செயலாகப் பொட்டலத்தைக் கவனித்தேன். பளபளவென்று படிகங்கள். சலவைச் சோடா. ஒவ்வொரு மூலக்கூறும் பத்து மூலக்கூறு தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும் சரக்கு. எடையில் 37 சதவீதம்தான் உண்மையான சோடா. 80 கிராம் போட்டதாக நினைத்தேன், உள்ளே போனது 30 கிராம். நீரற்ற தூள் சோடா வாங்கிக் கலந்தபோது இறுகியது, ஆனால் மூன்று நாள் எடுத்துக்கொண்டது.

அந்த மூன்று நாளை ஒரே இரவாக்கியது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பும் சோடாவும் தண்ணீரில் சந்தித்தால் ஒன்று சுண்ணாம்புக்கல் தூளாகப் படியும், மற்றது காஸ்டிக்காக மாறும். நான் புட்டியில் கரைத்து வைத்துப் பயந்துகொண்டிருந்த அதே காஸ்டிக், இப்போது கலவைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்து உடனுக்குடன் செலவாகிறது. 80 கிராம் சோடா முழுவதையும் மாற்ற 56 கிராம் சுண்ணாம்பு வேண்டும், நான் 50 கிராமோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாமே தூள். முன்பே கலந்து காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட்டு, வேண்டும்போது மணலும் 380 மில்லி தண்ணீரும் சேர்த்தால் போதும், சிமெண்ட் மூட்டை மாதிரியேதான். ஈரக் கலவை அப்போதும் கடுமையான காரம்தான், கையுறையும் கண்ணாடியும் தூளுக்கு முகமூடியும் வேண்டும். ஆனால் ஜாடி ஜாடியாகக் காஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

மாலையில் வார்த்தேன், காலையில் நகம் இறங்கவில்லை. 7 நாளில் 14 கிலோ. கொஞ்சம் ஏமாற்றம்தான். 28 நாளில் 22 கிலோ. சோடாக் கலவை மெதுவாகத்தான் ஏறுகிறது, பொறுத்திருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் கனசதுரங்கள் மூன்றை ஒரு ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்ததில் சராசரி 78 கிலோநியூட்டன், அதாவது 31 மெகாபாஸ்கல். நடைபாதைப் பாளத்துக்கு எனக்குப் போதும். தூணுக்கும் தளத்துக்கும் இந்த மூன்று கனசதுரத்தை நம்பி யாரும் இறங்க வேண்டாம். மூட்டைக்கு மூட்டை சாம்பல் மாறுகிறது.

வாயுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50 கிராம் நீற்றிய சுண்ணாம்புக்காகச் சுட்ட கல்லிலிருந்து போன வாயு 30 கிராம். கிளிங்கரின் 510 கிராமுக்கு எதிரே இது ஒன்றுமில்லை. சோடா தயாரிக்கும் செலவு இதோடு சேரும். சுண்ணாம்பையும் கழிவிலிருந்தே எடுக்கலாமே என்று அசிட்டிலீன் வாயு தயாரிக்கும் இடத்துக் கார்பைடு சேறு ஒரு வாளி கொண்டுவந்தேன். அது அப்படியே நீற்றிய சுண்ணாம்புக் கூழ். பூண்டு மாதிரி ஒரு வாடை அடிக்கும். வாயு முழுதும் வெளியேறத் திறந்தவெளியில் பல நாள் விட வேண்டும், பக்கத்தில் நெருப்பே ஆகாது. மேல்தட்டு காற்றுப் பட்டுச் சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடும். அதில் வினிகர் ஊற்றினால் பொங்கும், ஆக அடியிலிருந்துதான் அள்ள வேண்டும். கூழில் 100 கிராமைக் காய வைத்தால் 55 கிராம் மிஞ்சியது. அதை வைத்து எடையைச் சரிசெய்து, கூழிலிருக்கும் தண்ணீரைக் கழித்துக்கொண்டு ஊற்றினேன். மூட்டைச் சுண்ணாம்புக்கும் இதற்கும் குச்சியில் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கொத்தனார் அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. முதல் ஆறு பாளங்களை வார்த்து மூடி வைத்திருந்தேன். நான் இல்லாத நேரம் வந்தவர், பிளாஸ்டிக்கை விலக்கிவிட்டு நல்ல மனதோடு இரண்டு குடம் தண்ணீர் தெளித்துவிட்டார். "கலவைன்னா தண்ணி காட்டணும்ல தம்பி." சிமெண்டுக்குச் சரி அண்ணே, இதில் முதல் வாரத்தில் தண்ணீர் ஊற்றினால் காரத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்றேன். அந்த ஆறின் மேல்தோலும் விரலால் தேய்த்தால் மாவாக வந்தது. அதற்காகக் காற்றில் திறந்து போட்டாலும் வலைவலையாக விரிசல் விடும். பிளாஸ்டிக்கில் சுற்றி ஏழு நாள், அவ்வளவுதான். அடுத்த ஆறைச் சுற்றி வைத்து, பிரிக்கும் அன்று அவரையே கூப்பிட்டேன். கரணைப் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஐந்தாவதில் மட்டும் நின்று, "இது பொத்தல்" என்றார். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு காற்றுக்குழி.

இன்னொரு எச்சரிக்கை. சாம்பலில் ஆர்சனிக், குரோமியம் போன்றவை சிறிதளவு இருக்கும், காரத்தன்மை மிகுந்த ஈரத்தில் ஆர்சனிக் கரைந்து வெளியேற இடமுண்டு. குடிநீர்த் தொட்டிக்கும் காய்கறித் தொட்டிக்கும் இதை நான் பயன்படுத்த மாட்டேன். அப்புறம், 'கழிவு' என்ற சொல்லிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல உலைக்கசட்டின் பெரும்பகுதியை ஏற்கெனவே சிமெண்ட் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. நிலக்கரி குறையக் குறையச் சாம்பலும் குறையும். என் மூட்டை எங்கிருந்தோ ஒரு ஆலையின் பங்கிலிருந்துதான் வந்திருக்கிறது.

பாளங்கள் இப்போது தோட்டத்துக் குழாயடியில் கிடக்கின்றன. குழாய்க்கு நேர் கீழே உள்ளதில் மட்டும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. மீதிக் காஸ்டிக் ஜாடி அலமாரியின் கீழ்த்தட்டில் பூட்டோடு இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். மூடி சரியாகப் பொருந்தாமல் சுற்றிலும் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அது தானாகவே சோடாவாக மாறிக்கொண்டிருக்கிறது.